ஏரியின் அடிச்சேறு சொல்லும் சேதி

வணக்கம். ஏரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் தண்ணீரைத்தான் மொண்டு பார்க்கிறோம். தண்ணீர் அன்றைய நிலையைத்தான் சொல்லும். அடிச்சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும் புழு, நத்தை, மட்டிக்கு அங்கிருந்து ஓட வழியில்லை. வருவதையெல்லாம் தாங்கினால்தான் பிழைப்பு. அதனால்தான் நான் சேற்றைக் கேட்கச் சொல்கிறேன்.

ஒரு வாளி சேற்றை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் போட்டு அலசுங்கள். சேறு கரைந்து போனதும் சிவப்பாக நூல் போல ஏதோ நெளியும். அதுதான் ரத்தப் புழு. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு அது. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். பூச்சிகளில் இது அபூர்வம். ஆக்சிஜன் அற்பமாக இருக்கும் சேற்றிலும் அது உயிரோடு இருப்பதற்கு இந்தச் சிவப்பு பெரிய துணை.

சரி, அடியில் ஆக்சிஜன் ஏன் குறைகிறது? வெயிலில் மேல்நீர் சூடாகி லேசாகிறது, குளிர்ந்த நீர் கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. செத்த பாசி கீழே விழுந்து மட்கும்போது இருக்கிற ஆக்சிஜனும் தீர்கிறது. உரமும் சாக்கடையும் சேரும் ஏரியில் பாசி அதிகம், திணறலும் அதிகம்.

வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் இது நடந்தது. அதன் மேற்குப் பகுதி ஆழமில்லாதது. வழக்கமாகக் காற்றே நீரைக் கலக்கிவிடும். 1953 கோடைக் கடைசியில் சில நாள் காற்று அடங்கிப்போனது. மேப்பூச்சி (mayfly) என்று ஒரு பறக்கும் பூச்சி; சேற்றில் வளை தோண்டி வாழ்ந்த அதன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இனமே அங்கே அரிதாகிவிட்டது. உரத்திலும் சாக்கடையிலும் ஏரிக்கு வந்து பாசியை வளர்க்கும் பாஸ்பரஸைக் குறைத்த பிறகு, 1990களில்தான் மறுபடி பெருகின. சில நாள் மூச்சு முட்டியதற்கு நாற்பது வருடம்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

ஆக்சிஜன் மட்டுமே எல்லாம் இல்லை. நத்தைக்கு ஓடு கட்டக் கால்சியம் வேண்டும். தட்டான் குஞ்சுக்கு ஒளிந்து இரை பிடிக்கச் செடி வேண்டும். அதனால் கரையோரத்தில் இனங்கள் பல, ஆழத்தில் சில.

அப்புறம் ஒன்று. ரத்தப் புழுவைப் பார்த்ததுமே ஏரி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நல்ல ஏரியின் ஆழத்திலும் அது இருக்கும். கரையோரச் சல்லடையில்கூட அதைத் தவிர வேறெதுவும் சிக்காமல் போனால், அப்போது கவலைப்படுங்கள்.