படம் நல்லது, டிஸ்க் எப்படி? அனிமேஷன், காமெடி, கச்சேரி விமர்சனம்

வணக்கம். இன்றைக்குப் புது பெட்டி எதையும் பிரிக்கப் போவதில்லை. டிவிடி, ப்ளூ-ரே மாதிரி ஒரு டிஸ்க்கை விமர்சனம் செய்யும்போது நான் எதைப் பார்க்கிறேன், எதைக் கேட்கிறேன் என்று கொஞ்சம் சாவகாசமாகப் பேசலாம்.

படம் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தப் படம் இந்த டிஸ்க்கில் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்குகிறவருக்கு இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

இந்தச் சேனலில் அதிகம் வருவது அனிமேஷன், காமெடி, கச்சேரி. மூன்றுக்கும் ஒரே மாதிரி பிக்சருக்கு இத்தனை ஸ்டார், சவுண்டுக்கு இத்தனை ஸ்டார் என்று போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் இடம் வேறு. அனிமேஷன் கோட்டிலும் வண்ணத்திலும் கெடும். காமெடி டைமிங்கிலும் ஃபிரேமிலும் கெடும். கச்சேரி கெடுவதைப் பெரும்பாலும் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

சரி, அனிமேஷனிலிருந்து தொடங்குகிறேன். கையால் வரைந்த பழைய படங்களில், செல் என்ற ஒளி ஊடுருவும் தாளில் மைக்கோடு போட்டு, வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாக ஃபிலிமில் பதிவு செய்தார்கள். ஃபிலிம் என்றால் கிரெய்ன் இருக்கும், அந்தப் பொடிப்பொடியான அசைவு இருக்கத்தான் செய்யும். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போகும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. எது கிரெய்ன், எது மெல்லிய மைக்கோடு என்று மென்பொருளுக்குத் தெரியாது. வேகமாக அசையும் கோட்டையும் சேர்த்து அழித்துவிடும்.

'சின்ட்ரெல்லா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் வந்தது. 2012 ப்ளூ-ரேயைப் போட்டால் முதல் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். படத்தை நிறுத்தி வைத்து, உடையின் மடிப்புகளையும் தலைமுடியையும் பாருங்கள். கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கும், சில இடங்களில் இல்லவே இல்லை. பிறகு மூல நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து, எரிக் கோல்ட்பெர்க், மைக்கேல் ஜியைமோ போன்ற டிஸ்னி கலைஞர்களின் மேற்பார்வையில் 2023-இல் 4கே டிஸ்க் கொண்டுவந்தார்கள். கோடுகள் திரும்பி வந்தன, கூடவே கிரெய்னும் வந்தது. அந்தக் காலத்து டிஸ்னி நெகட்டிவில் ஒவ்வொரு ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாக அடுத்தடுத்து மூன்று முறை கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்திருப்பார்கள். மூன்றையும் சேர்த்தால்தான் ஒரு வண்ணச் சித்திரம் கிடைக்கும். அவ்வளவு பாடுபட்டுப் பதிந்த கோட்டை ஒரு பொத்தானைத் தட்டி அழிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வண்ணத்துக்கு 'ஸ்பிரிட்டட் அவே' சரியான உதாரணம். 2002-இல் ஜப்பானில் வந்த டிவிடியில் படம் முழுக்கச் சிவப்பு படர்ந்திருந்தது. வாங்கியவர்கள் சிலர் வழக்குப் போடும் அளவுக்குப் போனார்கள். 2014 ப்ளூ-ரேயில் அந்தச் சிவப்பு இல்லை. இதனால்தான் நான் முதலில் மேகம், காகிதம், வெள்ளைச் சட்டை மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டியவற்றைத் தேடுவேன். அங்கே வண்ணச் சாயல் தெரிந்தால், காட்சிக்காக வேண்டுமென்றே வைத்ததா, டிஸ்க் செய்யும்போது வந்து ஒட்டியதா என்று பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதியதுதான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

கம்ப்யூட்டரில் உருவான படங்களில் இந்தத் தொல்லை குறைவு. 1999-இல் வந்த 'எ பக்ஸ் லைஃப்' டிவிடியை ஃபிலிமைத் தொடாமல் டிஜிட்டல் கோப்பிலிருந்தே நேரடியாகச் செய்தார்கள். அப்படி வந்த முதல் முழுநீளப் படம் அது. அகலத் திரைப் படத்தை அன்றைய சதுர டிவிக்கு மாற்றும்போது ஓரத்தை வெட்டியெறிவதோடு நிறுத்தவில்லை. பல ஷாட்களில் பாத்திரங்களை நகர்த்தி வைத்து மறுபடி ரெண்டர் செய்தார்கள். அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டிஜிட்டல் அனிமேஷனின் நோய் வேறு, பேண்டிங். மாலை வானம் மெதுவாக நிறம் மாற வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரியும். டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள்தான். 4கே டிஸ்க்கில் 10 பிட், 1024 படிகள். ஆகவே அனிமேஷனுக்கு 4கே வாங்கலாமா என்று கேட்டால், பிக்சல் எண்ணிக்கையை விட இந்த 10 பிட்டுக்காகத்தான் வாங்கச் சொல்வேன்.

அப்புறம் காமெடி. காமெடிக்கு எந்த டிஸ்க்கும் போதும், சிரிப்பு வந்தால் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிரேமில் ஒரு ஓரம் போனால் ஒரு ஜோக்கே போய்விடும். 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய எபிசோடுகள் 4:3 அளவில், அதாவது சதுர டிவிக்கு ஏற்றபடி வரையப்பட்டவை. 2019-இல் டிஸ்னி பிளஸ் அவற்றை மேலும் கீழும் வெட்டி அகலத் திரையில் காட்டியது. மது ஆலைக் காட்சி ஒன்றில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பீர் தொட்டிகள் இருக்கும். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாய்தான் வருகிறது. ஜோக்கே அந்தக் குழாய்தான். வெட்டியதில் குழாய் போய்விட்டது, வெறும் தொட்டிகள் மிஞ்சின. எதிர்ப்புக் கிளம்பி 2020-இல் 4:3 அளவையும் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். முதல் சீசன்களின் டிவிடி பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குழாய் எப்போதும் இருந்தது.

ஜாக் டாட்டியின் 'பிளேடைம்' (1967) இன்னும் ஒரு படி மேலே. 70 எம்எம் படம். குளோசப்பே இல்லாமல், ஒரே ஃபிரேமில் நாலு மூலையிலும் நாலு வேடிக்கை நடந்துகொண்டிருக்கும். டிவிடியின் 480 அல்லது 576 வரிகளில் தூரத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்றே தெரியாது. இந்தப் படத்துக்குத் துல்லியம் இல்லையென்றால் நகைச்சுவையும் இல்லை.

மௌனப்பட காமெடியில் வேகம்தான் எல்லாம். கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது, நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கட்டாயம் கிடையாது. 24 என்பது ஒலி வந்த பிறகு நிலைத்தது. மெதுவாக எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லோரும் பொம்மை மாதிரி துள்ளுவார்கள். சில காட்சிகளை வேகமாகத் தெரியட்டும் என்றே எடுத்தார்கள், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும். ப்ளூ-ரேயில் நொடிக்கு 18 ஃபிரேம் என்ற வேகமே இல்லை. ஆகவே சில ஃபிரேம்களை இரண்டு முறை காட்டிச் சமன் செய்வார்கள். யாராவது நடந்துபோகும் காட்சியில் கால் விட்டுவிட்டு இடறுகிறதா என்று பார்த்தால் அந்த வேலையின் தரம் தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது பால் (PAL) டிவிடியையும், அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டிவி முறைக்கான டிவிடியையும் சொல்ல வேண்டும். 24 ஃபிரேம் படத்தை 25-இல் ஓட்டுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே போகும். நகைச்சுவை நடிகர் ஒரு வசனத்துக்கு முன்னால் விடும் இடைவெளி சுருங்குகிறது. ஃபிலிமில் எடுத்த இசைப் படத்தில் பாட்டின் சுருதியே மாறிவிடும். சில டிஸ்க்குகளில் சுருதியைச் சரிசெய்திருப்பார்கள், பலவற்றில் செய்வதில்லை.

சப்டைட்டிலிலும் இதே கண்டிப்பு எனக்கு உண்டு. நடிகர் கேள்வி கேட்டு, நிறுத்தி, பதில் சொல்வதற்குள் பதிலும் கீழே எழுத்தில் வந்துவிட்டால் அந்தச் சிரிப்பு செத்துவிட்டது. கேள்வியும் பதிலும் தனித்தனி வரியாக, தனித்தனி நேரத்தில் வர வேண்டும். இதை விமர்சனத்தில் யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

டிஸ்க்கோடு வரும் கூடுதல் அம்சங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் காமெடியில் அவை சில சமயம் படத்தின் தொடர்ச்சியாகவே அமைந்துவிடும். 'மான்டி பைதான் அண்ட் த ஹோலி கிரெய்ல்' 2001 டிவிடியில், படம் பிடிக்காதவர்களுக்கான சப்டைட்டில் என்று ஒன்று உண்டு. போட்டால் ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்து வரிகள் ஓடும். 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' 2000 டிவிடியில் மூன்று நடிகர்களும் அந்தக் கற்பனை இசைக்குழுவினராகவே மாறி, தங்களைப் பற்றிய ஆவணப்படத்தைத் திட்டிக்கொண்டே கமெண்டரி கொடுத்திருக்கிறார்கள். இப்படி யோசித்துச் செய்தால் நான் தயங்காமல் பாராட்டுவேன்.

இப்போது கச்சேரி. இங்கே முதல் கேள்வி, எதில் படம்பிடித்தார்கள்? குயீன் ராக் இசைக்குழுவின் 1981 மான்ட்ரியல் கச்சேரி 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அதனால் 2024-இல் ஐமாக்ஸ் திரை வரை போக முடிந்தது. அதே குழு 1986-இல் வெம்ப்ளியில் நடத்திய கச்சேரி வீடியோ டேப்பில் பதிவானது. ஐந்து ஆண்டு பிந்தையது, கூட்டமும் பெரிது, ஆனால் டேப்பில் இருப்பதைத் தாண்டி எந்த ப்ளூ-ரேயும் விவரத்தைத் தர முடியாது. அட்டையில் 1080 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

டேப்பில் எடுத்ததற்கு ஒரு நன்மையும் உண்டு. நொடிக்கு 50 அல்லது 60 ஃபீல்டு, அதாவது பாதி வரிகள் கொண்ட அரை ஃபிரேம்கள், பதிவாகியிருப்பதால் அசைவு வழவழவென்று இருக்கும். அதை 24 ஃபிரேமுக்கு மாற்றினால் கேமரா திரும்பும்போதெல்லாம் தடுக்கும். 50-ஐ 60 ஆக மோசமாக மாற்றினால் டிரம்மர் கையில் நாலு குச்சி தெரியும். நான் டிரம்மரை அதிகம் பார்ப்பது இதற்காகத்தான். குச்சி படும் கணமும் ஒலியும் ஒன்றாக வருகின்றனவா என்பதும் அங்கேதான் தெரியும்.

படத்தையும் ஒலியையும் பொருத்துவது சின்ன வேலை இல்லை. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடியதை இயக்குநர் சிட்னி பொலாக் படம்பிடித்தார். கிளாப் பலகை அடிக்காமல் எடுத்துவிட்டதால் ஒலியோடு சேர்க்க முடியாமல் போனது. அந்தப் பாடல்களின் ஒலிப்பதிவு 'அமேசிங் கிரேஸ்' ஆல்பமாக அதே ஆண்டு வந்துவிட்டது. பின்னால் சட்டத் தகராறும் சேர்ந்துகொள்ள, படம் 2018-இல்தான் திரையைக் கண்டது.

ஒலியில் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். கச்சேரி டிவிடி பலவற்றில் ஆறு சேனலைச் சுருக்கித் தரும் டால்பி 5.1, சுருக்காத பிசிஎம் ஸ்டீரியோ என்று இரண்டு டிராக் இருக்கும். டிவிடியில் டால்பி 5.1-க்கு நொடிக்கு அதிகபட்சம் 448 கிலோபிட், அதை ஆறு சேனல்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 16 பிட் பிசிஎம் ஸ்டீரியோ 1536 கிலோபிட், அது இரண்டே சேனலுக்கு. ஸ்டீரியோவை ஒரு முறை போட்டுப் பாருங்கள், சிம்பலின் ரீங்காரம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேளுங்கள். ப்ளூ-ரேயில் 5.1-ம் தரம் குறையாமல் வர முடியும் என்பதால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அங்கே நான் கேட்பது வேறு. கைதட்டல் பின்னாலிருந்து வந்து அரங்கில் உட்கார வைக்கிறதா, இல்லை கிட்டாரை முதுகுக்குப் பின்னால் போட்டிருக்கிறார்களா? இரண்டாவது எனக்குப் பிடிக்காது. பாடகர் மேடையில் இருக்கிறார், ஒலியும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

இரட்டை லேயர் டிவிடியில், அதாவது இரண்டு அடுக்காகப் பதிந்த டிவிடியில், லேயர் மாறும்போது ஒரு கணம் நிற்கும். அதைப் பாட்டின் நடுவில் வைத்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இருக்கும்போது அப்படிச் செய்ய எந்தக் காரணமும் இல்லை. பாட்டுக்கான சேப்டர் அரை நொடி தாமதமாகத் தொடங்கி முதல் ஸ்வரத்தை விழுங்கினாலும் அதே கதைதான்.

கடைசியாக, புதுப் பதிப்பு வந்ததும் பழைய டிஸ்க்கை விற்கத் துடிப்பவர்களுக்கு. விற்பதற்கு முன்னால் இரண்டின் ஆடியோ மெனுவையும் திறந்து பாருங்கள். பழைய படங்களுக்குப் புதிதாக 5.1 செய்யும்போது ஒற்றைச் சேனலில் இருந்த மூல மோனோ டிராக்கைச் சில பதிப்புகளில் விட்டுவிடுகிறார்கள். தொலைக்காட்சி காமெடித் தொடர்களில் பாட்டு உரிமை கிடைக்காமல் இசையையே மாற்றிவிடுகிறார்கள். 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' 2007 டிவிடியில் அப்படித்தான் நடந்தது, 2014 தொகுப்பில்தான் பெரும்பாலான பாட்டுகள் திரும்பின. மோனோ டிராக் புதியதில் இல்லையென்றால் பழையதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீடியோவில் ஒரே கச்சேரியின் டிவிடி, ப்ளூ-ரே இரண்டையும் பாட்டு பாட்டாக ஒப்பிடப் போகிறேன், ஹெட்ஃபோனோடு வாருங்கள்.