இரும்புக்கை மாயாவியின் முகம்

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் பரணை ஒழித்தபோது, பழைய நோட்டுகளுக்கு அடியில் இரும்புக்கை மாயாவி அகப்பட்டார். அட்டை போய்விட்டது. நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றிக் காப்பி நிறத்தில் கறை. கடைசிப் பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து: ‘படித்ததும் திருப்பித் தரவும்.’ அண்ணன் கையெழுத்து.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக வந்தவர் இந்த மாயாவி. மூலம் ஆங்கிலம், 1962இல் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர். படம் போட்டவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. கதை தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கை போய், இரும்புக்கை பொருத்தியிருக்கிறார்கள். ஒரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்துவிடுகிறார். கை மட்டும் மறையவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கரண்ட் பட்டால் மறைந்துவிடலாம் என்று அப்படியே நம்பினேன். ஸ்டூலில் ஏறி, அம்மாவின் கொண்டை ஊசியை பிளக் ஓட்டைக்குள் விடப்போன நேரம், அண்ணன் இடுப்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்துவிட்டான். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினான். “அவன் மூஞ்சியப் பாருடா. எப்படி வலிக்குது பாரு அவனுக்கு.”

அதுவரை நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. கையைத்தான் பார்த்திருந்தேன்.

இப்போது படிக்கும்போது, கண் முகத்துக்குத்தான் போகிறது. மின்சாரம் பாயும் கட்டத்தில் அந்த ஆள் படும் பாடு! ஒவ்வொரு முறை மறையவும் அந்த வேதனையைப் பட்டாக வேண்டும். அடுத்த கட்டத்தில் முகமே கிடையாது. கோபம், தயக்கம், அவசரம் எல்லாவற்றையும் அந்த ஐந்து இரும்பு விரல்களே காட்டியாக வேண்டும். கறுப்பு மையை வைத்துக்கொண்டு, இல்லாத ஒருவனை நம் கண்முன் நிறுத்தியிருக்கிறார் பிளாஸ்கோ. முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கையின் அருமை தெரிகிறது. திரும்பவும் சொல்கிறேன், முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. மாயாவி முதலில் நல்லவரே இல்லை. மறையும் சக்தி வந்ததும் அவர் இறங்கியது குற்றத்தில். உளவுப் படையில் சேர்ந்து நல்ல காரியம் செய்ததெல்லாம் பிற்பாடு. இதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். நமக்குப் பிடித்துப்போனவர் செய்த தப்பை மனசு தானாகவே அழித்துவிடுகிறது போலும்.

அந்தக் குட்டிக் கட்டங்களுக்குள் தமிழ் வசனத்தை அடக்கியவர்களைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். வசனம் எழுதும் சின்ன பலூனுக்குள் நீளமான தமிழ்ச் சொற்களை மடக்கி எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. நிலையத்தார் நேரம் காட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். வணக்கம்.