நம்மாளான்னு மட்டும் கேக்காதீங்க, பதில் சொல்ற ஆளான்னு கேளுங்க

(குடியாத்தத்துல ஒரு வாசகர் கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க, அண்ணன்மாருங்க, பீடி வேலையை பாதியில விட்டுட்டு வந்திருக்கிற அக்காங்க, பின்னாடி நிக்கிற காலேஜ் பசங்க, எல்லாருக்கும்.

நேரா விஷயத்துக்கு வரேன். தேர்தல்னு வந்தா நம்ம பக்கம் டீக்கடையில முதல்ல வர்ற கேள்வி இன்னா? ஆளு யாரு, நம்மாளா? கவுன்சிலருக்கும் இதே கேள்வி, எம்பிக்கும் இதே கேள்வி, டெல்லியில யாரு பிரதமரா உக்காரணும்ங்கிறதுக்கும் இதே கேள்விதான், அவரு எந்த சாதி, எந்த மதம், வடக்கா தெற்கா, என்ன பாஷை பேசுறாரு, இதோட முடிச்சிடறோம். இந்த கேள்வியே தப்புன்னு நான் சொல்லல. தலைமுறை தலைமுறையா வாசலுக்கு வெளியிலேயே நிக்க வச்ச ஜனங்க, தங்கள்ல ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காரணும்னு ஆசைப்படுறது நியாயம், அதை கொறை சொல்ற தகுதி யாருக்கும் கிடையாது. ஆனா அந்த ஒரு கேள்வியோட நின்னுடறோம் பாருங்க, அங்கதான் எனக்கு கவலை.

இதே குடியாத்தம் 1954ல வேற மாதிரி யோசிச்ச ஊரு. ராஜாஜி விலகி காமராஜர் முதலமைச்சர் ஆனப்போ அவரு சட்டசபையில மெம்பர் இல்ல, ஆறு மாசத்துக்குள்ள ஜெயிச்சு வரணும், அவரு நின்னது இங்க, குடியாத்தம் இடைத்தேர்தல்ல. விருதுநகர் எங்க இருக்கு, குடியாத்தம் எங்க இருக்கு. தன் சாதி ஓட்டை எண்ணி ஜெயிக்கிற ஊரா அவருக்கு இது? கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்து நின்னுச்சு, வருஷக்கணக்கா காங்கிரஸை எதிர்த்த பெரியார் இவருக்கு ஆதரவா பேசினாரு. ஜனங்க பாத்தது என்ன? அதுக்கு முன்னாடி வருஷம்தான் பாதி நாள் ஸ்கூலு, மீதி நேரம் அப்பன் தொழிலு அப்படின்னு ஒரு திட்டம் வந்திருந்தது, குலக்கல்வின்னு ஊரே எதிர்த்துச்சு, காமராஜர் வந்ததும் அதை கைவிட்டாங்க. தறி ஓடுற ஊருல, அந்த திட்டம் போனது என்ன அர்த்தம்னு நான் உங்களுக்கு சொல்லித் தரணுமா?

அதை விட முக்கியமா எனக்கு படுற ஒண்ணு இருக்கு, இதை யாரும் அதிகமா பேசறதில்ல. கட்சிக்குள்ள தலைவர் தேர்தல் நடந்தப்போ காமராஜரை எதிர்த்து நின்னவரு சி.சுப்பிரமணியம். அவரு பேரை முன்மொழிஞ்சவரு பக்தவத்சலம். ஜெயிச்ச காமராஜர் என்ன பண்ணாரு? எட்டே பேரு இருந்த சின்ன மந்திரிசபையில அந்த ரெண்டு பேரையும் சேத்துக்கிட்டாரு. அந்த சுப்பிரமணியம்தான் பின்னாடி டெல்லிக்கு போயி 1964ல சாஸ்திரி மந்திரிசபையில உணவு மந்திரி ஆனாரு, அமெரிக்கா கோதுமை கப்பல் எப்ப வரும்னு நாடு காத்துக்கிட்டு இருந்த நேரத்துல மெக்சிகோ விதையை கொண்டு வந்து பசுமைப் புரட்சிக்கு வழி பண்ணவரு. என்னை எதிர்த்து நின்னவன் ஒழியட்டும்னு காமராஜர் அன்னைக்கே ஓரம் கட்டியிருந்தா? ஒரு தலைவரை எடை போடணும்னா அவரு பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. இல்லைங்கய்யா, இது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க ரெண்டு பேராவது இருக்காங்களா, இல்ல எல்லாரும் கைதட்டுறவங்களா?

சாஸ்திரி பேரு வந்துடுச்சு, அதனால இதையும் சொல்லிடறேன். 1956ல அவரு ரயில்வே மந்திரி. செப்டம்பர்ல மகபூப்நகர்ல பெரிய ரயில் விபத்து, ராஜினாமா குடுத்தாரு, நேரு ஏத்துக்கல. நவம்பர்ல நம்ம அரியலூர் பக்கம் மருதையாத்து பாலம் வெள்ளத்துல போயி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்து நூத்துக்கு மேல உயிரு போச்சு. மறுபடி ராஜினாமா. இந்த தடவை ஏத்துக்கிட்டாங்க. பாலத்தை அவரா உடைச்சாரு? இல்ல. ஆனா என் துறையில நடந்தது, நான் பதில் சொல்லணும்னு நினைச்சாரு. செத்தது பெரும்பாலும் நம்ம தமிழ் ஜனம், விலகினவரு உத்தரப் பிரதேசத்துக்காரரு. அவரு நம்மாளா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

பிரதமரா இருந்த வி.பி.சிங்கும் அப்படித்தான், மாண்டா ராஜ குடும்பம், பிற்படுத்தப்பட்ட ஜனத்தோட கஷ்டம் அவரு வீட்டு கஷ்டம் இல்ல. ஆனா 1990ல மண்டல் கமிஷன் பிற்படுத்தப்பட்டவங்களுக்கு சொன்ன 27 சதவீத இட ஒதுக்கீட்டை மத்திய அரசு வேலைக்கு அறிவிச்சது அவருதான், காவிரிக்கு நடுவர் மன்றம் அமைச்சதும் அதே வருஷம் அவரு ஆட்சிதான். சொந்த ஊரு பக்கமே அவரை திட்டினாங்க, தெரிஞ்சுதான் செஞ்சாரு. மூணே மாசத்துல ஆட்சியும் போச்சு (அதுக்கு அயோத்தி ரதயாத்திரைன்னு வேற காரணமும் இருந்தது, அதையும் சொல்லணும்). பிரதமரா இருந்த வாஜ்பாய் 1999ல லோக்சபா நம்பிக்கை ஓட்டெடுப்புல ஒரே ஒரு ஓட்டுல தோத்தாரு, 269க்கு 270. தோத்ததும் போயி ராஜினாமா குடுத்தாரு. நான் எந்த கட்சிக்காகவும் இங்க பேச வரல, தோக்கும்போது ஒருத்தர் எப்படி நடந்துக்கறாருன்னு பாருங்கன்னு சொல்றேன், ஏன்னா ஜெயிச்ச மேடையில எல்லாருமே நல்லவங்களாத்தான் தெரிவாங்க.

இந்த மாவட்டத்துக்கே கொஞ்ச காலம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு பேரு இருந்துச்சு, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில சொன்னாரு, மதத்துல பக்தி இருந்தா ஆத்மாவுக்கு வழி கிடைக்கலாம், அரசியல்ல தலைவர் மேல பக்தி வச்சா அது சீரழிவுலயும் சர்வாதிகாரத்துலயும்தான் கொண்டு போய் விடும்னு. அவரு படத்துக்கு மாலை போட்டுட்டு அடுத்த தெருவுல இன்னொரு தலைவரு கட்அவுட்டுக்கு பாலை ஊத்தினா, அவரு சொன்னதை நாம காதுல வாங்கலைன்னுதானே அர்த்தம் தம்பிங்களா.

இப்ப பசங்க ஒண்ணு கேக்கலாம், நாங்க ஓட்டு போடறது எம்பிக்குத்தானே, பிரதமருக்கா போடறோம்னு. சரியான கேள்வி. சட்டப்படி 543 எம்பிங்கள்ல மெஜாரிட்டி யாரு கிட்டயோ அவருதான் பிரதமர். ஆனா 1985ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துச்சு, காசுக்கு கட்சி மாறுறதை தடுக்க வந்த சட்டம், நல்ல நோக்கம்தான். அதுல என்ன ஆச்சுன்னா கட்சி கொறடா இப்படித்தான் ஓட்டு போடணும்னு உத்தரவு போட்டா உங்க எம்பி மனசாட்சிப்படி மாத்தி ஓட்டு போட முடியாது, போட்டா பதவி போயிடும். நீங்க எவ்வளவு நல்ல மனுஷனை அனுப்பினாலும் மேல இருக்கிற தலைவரு சொல்றதுக்குத்தான் அவரு கை தூக்கணும். அதனாலதான் மேல இருக்கிறவரு எப்படிப்பட்டவருன்னு ஓட்டு போடறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியிருக்கு, அப்புறம் தடுக்கறதுக்கு நம்ம எம்பி கையில பெருசா எதுவும் இல்ல.

டெல்லி தலைவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. பாலாறு கர்நாடகாவுல பொறந்து ஆந்திரா வழியா வருது, மூணு மாநிலத்துக்கு நடுவுல நியாயம் பேச வேண்டியது மத்தியில இருக்கிறவரு. தன் கட்சி ஆளுற மாநிலத்துக்கு ஒரு பேச்சு, ஆளாத மாநிலத்துக்கு ஒரு பேச்சுன்னு இருந்தா அவரு நாட்டுக்கு தலைவரு இல்ல. அப்புறம் பாலாத்துல கலக்குற தோல் தொழிற்சாலை கழிவு. 1996ல சுப்ரீம் கோர்ட்டு நம்ம வேலூர் வழக்குலதான் கெடுத்தவன்தான் காசு கட்டணும்ங்கிற கொள்கையை நாட்டுக்கே சட்டமாக்குச்சு, லா காலேஜ்ல இன்னைக்கும் நம்ம ஊரு பேரு சொல்லி பாடம் நடத்துறாங்க. அப்படியும் 2025 ஜனவரியில அதே கோர்ட்டு அதே பாலாத்துக்காக திரும்ப தீர்ப்பு குடுக்க வேண்டி வந்துச்சு. நடுவுல எத்தனை ஆட்சி, எத்தனை கட்சி, எத்தனை நம்மாளுங்க! அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம நாட்டு பொருளுக்கு 50 சதவீதம் வரி போட்டப்போ ஆம்பூர்ல, ராணிப்பேட்டையில ஷூ கம்பெனிக்கு போற பொம்பளைங்க வயித்துலதான் பயம். ஆறும் வேணும், அந்த வேலையும் வேணும். ரெண்டையும் ஒண்ணா வச்சு பேசறதுக்கு படிக்கணும், ஆளுங்களை கூப்பிட்டு கேக்கணும், கணக்கு போடணும். அந்த பொறுமை இருக்கிற தலைவரு யாருன்னு தேடறோமா நாம?

கசப்பான ஒண்ணும் பேசித்தான் ஆகணும். 2019ல பணம் பிடிபட்டதால லோக்சபா தேர்தலே ரத்தான தொகுதி நம்ம வேலூர். ஓட்டுப்பதிவுக்கு ரெண்டே நாள் முன்னாடி ரத்து. நாடு பூரா ஓட்டு போட்டு புது அரசாங்கமும் வந்துடுச்சு, நாம ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் போட்டோம், யாரு ஆளணும்னு முடிவான பிறகு. ஜெயிச்ச வித்தியாசம் 8,141 ஓட்டு, அவ்வளவு நெருக்கமான தொகுதி, ஒவ்வொரு ஓட்டுக்கும் அவ்வளவு மதிப்பு இருந்த இடத்துல நம்ம பேச்சு எண்ணிக்கையிலயே வராம போச்சு. குடுத்தவனை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லக்கா, கவரை கையில வாங்கிட்டா அப்புறம் கேள்வி கேக்க வாயி வராது.

அதனால அடுத்த தடவை தெருவுக்குள்ள வண்டி வந்தா, ஆரத்தி எடுக்கறவங்க எடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா வண்டி நவுர்றதுக்கு முன்னாடி கேளுங்க. உங்க தலைவரு பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்து எழுதிக் குடுக்காத கேள்விக்கு எப்ப பதில் சொன்னாரு? அவரு பண்ண எந்த முடிவை தப்புன்னு ஒத்துக்கிட்டு மாத்தினாரு? கட்சிக்குள்ள அவரை எதிர்த்தவங்க இப்ப எங்க இருக்காங்க? பாலாத்துக்கு என்ன பண்ணப் போறீங்க, எந்த வருஷத்துக்குள்ள? வேட்பாளர் மேல என்ன கேஸு, எவ்வளவு சொத்துன்னு பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய வெப்சைட்லயே இருக்கு, 2002ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பால நமக்கு கிடைச்ச உரிமை அது. போன்ல பாக்கத் தெரியாத அம்மாவுக்கு, பாட்டிக்கு இந்த பின்னாடி நிக்கிற பசங்கதான் படிச்சு காட்டணும், இன்னைக்கே ஒரு தெருவுக்கு ரெண்டு பேருன்னு பேரு குடுத்துட்டு போங்க, நோட்டு அந்த டேபிள் மேல இருக்கு.