121 தோல்வி: தோத்துக்கிட்டே இருக்கற பேஸ்பால் டீமுக்கு ரசிகரா இருக்கறதுன்னா என்ன?

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரே ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். 121. அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால்ல, 2024 சீசன்ல, சிகாகோ வொயிட் சாக்ஸ் தோத்த ஆட்டங்க இத்தனை. ஜெயிச்சது 41. 1900-க்கு அப்புறம் ஒரு சீசன்ல இவ்வளவு தோத்த டீம் வேற கிடையாது. அதுக்கு முன்னாடி இந்தக் கெட்ட பேரு 1962 நியூயார்க் மெட்ஸ்கிட்ட இருந்தது, 120 தோல்வி. ஆனா மெட்ஸுக்கு அதுதான் முதல் வருஷம். மத்த டீம்ங்க வேண்டாம்னு விட்ட ஆளுங்களைச் சேர்த்து உருவாக்கின டீம் அது. வொயிட் சாக்ஸ் கதை வேற. மேஜர் லீக்ல இருக்கற ரெண்டு லீக்ல ஒண்ணான அமெரிக்கன் லீக், 1901-ல பெரிய லீக் ஆனப்பவே இருந்த டீம். 1906, 1917, 2005-னு மூணு தடவை உலகத் தொடர், அதாவது மேஜர் லீக்கோட இறுதித் தொடர், ஜெயிச்ச டீம். இப்போதைய போப் பதினாலாம் லியோகூட இவங்க ரசிகர்தான். 2005 உலகத் தொடரோட முதல் ஆட்டத்துல, கூட்டத்துல அவர் உக்காந்திருக்கறது டிவி காட்சியில பதிவாயிருக்கு.

சிகாகோ தெற்குப் பக்கத்துல தாத்தா, அப்பா, பேத்தின்னு ஒரே டீமுக்குத் தொண்டை வத்தக் கத்தற குடும்பங்க இருக்கு. அவங்க பட்ட பாடு என்னன்னு சரியாப் புரியணும்னா கொஞ்சம் கணக்கு தெரியணும். அதான் இந்த வீடியோ.

முதல்ல, பேஸ்பால்ல தோல்வி ஏன் இப்படி உள்ள போய் உக்காந்துக்குது? ஐபிஎல்-ல லீக் ஆட்டம் 14. டீம் மோசமா ஆடினா ரெண்டு மாசத்துல எல்லாம் முடிஞ்சிரும். பேஸ்பால்ல 162 ஆட்டம். மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும், வாரத்துல ஆறு நாள், சில வாரம் ஏழு நாளும். செவ்வாய்க்கிழமை தோத்ததை நினைச்சு வருத்தப்பட்டு முடிக்கறதுக்குள்ள புதன்கிழமை ஆட்டம் ஆரம்பிச்சிரும். சிகாகோல சாயங்காலம் 7 மணின்னா, அந்த மாசங்கள்ல நமக்கு மறுநாள் காலை 5:30. இங்க இருந்து பாக்கறவங்களுக்கு நாளோட முதல் சேதியே அந்த ஸ்கோர்தான்.

இன்னொண்ணு கவனிங்க. பேஸ்பால்ல எவ்வளவு நல்ல டீமும் ஒரு சீசன்ல 60 ஆட்டம் கிட்ட தோக்கும். எவ்வளவு மோசமான டீமும் பெரும்பாலும் 55, 60 ஜெயிச்சிரும். மிச்சமிருக்கற நாப்பது சொச்சம் ஆட்டத்துலதான் ஒரு டீமோட தலையெழுத்து. அதனாலதான் 100 தோல்விங்கறதை ஒரு அவமானக் கோடு மாதிரி வெச்சிருக்காங்க. வொயிட் சாக்ஸ் அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் 21 போச்சு.

சரி, பாயின்ட்ஸ் டேபிளைப் படிக்கிற விதம். வெற்றி, தோல்வி பக்கத்துல 'கேம்ஸ் பிஹைண்ட்'னு ஒரு கட்டம் இருக்கும். முதல் இடத்துல இருக்கறவங்களோட எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கோம்னு சொல்றது அது. வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி ரெண்டால வகுக்கணும். 2024 முடிவுல, வொயிட் சாக்ஸோட பிரிவுல முதல் இடத்துல இருந்த கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் 92 வெற்றி 69 தோல்வி. வொயிட் சாக்ஸ் 41, 121. வெற்றியில 51 வித்தியாசம், தோல்வியில 52. கூட்டினா 103, பாதி ஐம்பத்தி ஒண்ணரை. ஒரே பிரிவுல ஆடுற ரெண்டு டீமுக்கு நடுவுல ஐம்பத்தி ஒண்ணரை ஆட்டம்!

அடுத்தது எலிமினேஷன் நம்பர், அதாவது முதல் இடத்துக்கான வாய்ப்பு இன்னும் எவ்வளவு மிச்சம்னு சொல்ற கணக்கு. மொத்த ஆட்டத்தோட ஒண்ணைக் கூட்டினா 163, அதுல இருந்து முதல் இடத்து டீமோட வெற்றியைக் கழிங்க, உங்க டீமோட தோல்வியையும் கழிங்க. முதல் இடத்துல இருக்கறவங்க 75 ஜெயிச்சு, நீங்க 88 தோத்திருந்தா விடை பூஜ்யம். அவ்வளவுதான், அந்த இடம் இனிமே உங்களுக்கு இல்லைன்னு கணக்கே சொல்லிருச்சு. வொயிட் சாக்ஸுக்கு ஆகஸ்ட் மாசத்துலயே அந்தப் பூஜ்யம் வந்திருச்சு. அதுக்கப்புறமும் செப்டம்பர் 29 வரைக்கும் ஆட்டம் இருக்கு. டீம் ஆடுது, ரசிகர் பாக்கறார், எதுக்கு ஆடறோம்ங்கற கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது.

அந்த சீசன் எப்படி ஓடுச்சுன்னு பாப்போம். முதல் 25 ஆட்டத்துல 3 வெற்றி, 22 தோல்வி. பாதிக்குப் பாதி, அதாவது 81 வெற்றி எடுக்கணும்னா மிச்ச 137-ல 78 ஜெயிக்கணும். ஏப்ரல் மாசத்துலயே நிலைமை அது. உடனே என்ன ஆச்சு? அடுத்து வந்த டாம்பா பே ரேஸை மூணு ஆட்டமும் ஜெயிச்சாங்க. எனக்கு இதுதான் ரொம்பக் கொடுமையாத் தெரியுது. ஒரேயடியாத் தோத்தா மனசு மரத்துப்போகும். நடுவுல மூணு நாள் ஜெயிச்சா 'இனிமே சரியாயிரும்'னு தோணும்.

மே 22-ல ஆரம்பிச்சு வரிசையா 14 தோல்வி. அதுல மே 23 ஆட்டம். பால்டிமோர் ஓரியோல்ஸ்கிட்ட ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ்ல 8-6-னு பின்தங்கியிருக்காங்க. ஒரு அவுட். ரன் எடுக்க ஓடறப்ப வரிசையாத் தொட வேண்டிய இடங்கதான் பேஸ். முதல் பேஸ்லயும் ரெண்டாவது பேஸ்லயும் ஆள் நிக்கறாங்க. பேட்டர் பந்தை மேல தூக்கி அடிச்சார். பேஸ்ல ஆள் இருக்கறப்ப, பேஸ்ங்க பக்கத்துலயே சுலபமாப் பிடிக்கற மாதிரி உயர எழும்பற பந்துக்கு 'இன்ஃபீல்டு ஃப்ளை'ன்னு ஒரு விதி இருக்கு. அதுப்படி, பந்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே பேட்டர் அவுட். அது சரி. ஆனா ரெண்டாவது பேஸ்ல நின்ன ஓட்டக்காரர், ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கற ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்போட வழியை மறிச்சார்னு அம்பயர் அவரையும் அவுட் குடுத்தார். ஒரே பந்துல ரெண்டு அவுட், மொத்தம் மூணு ஆச்சு, ஆட்டம் முடிஞ்சுது. துரத்திப் பிடிச்சு வந்த ஆட்டம் அப்படிப் போச்சு.

அதுக்கப்புறம்தான் பெரிய அடி. ஜூலை 10-ம் தேதி மினசோட்டா ட்வின்ஸோட ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம், ரெண்டும் போச்சு. அங்க ஆரம்பிச்சது வரிசையா 21 தோல்வி. அமெரிக்கன் லீக்ல 1988 ஓரியோல்ஸுக்கு மட்டும்தான் அப்படி ஒரு வரிசை இருந்தது. ஆகஸ்ட் 6-ல ஓக்லாண்ட்ல 5-1-னு ஜெயிச்சப்பதான் நின்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், பெட்ரோ கிரிஃபோலை வேலைய விட்டு எடுத்தாங்க.

21 ஆட்டம் தொடர்ந்து தோக்கறதை வெறும் துரதிர்ஷ்டம்னு விட்டுட முடியாது. இது ஒரு சங்கிலி மாதிரி. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூணுன்னு ஒரு ஆட்டத்துல 27 அவுட் எடுக்கணும். ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சர், அதாவது பந்து போடறவர், ஆறு இன்னிங்ஸ் போட்டா 18 அவுட் ஆச்சு, அவருக்கு அப்புறம் வர்ற பிட்சர்கள், அதாவது புல்பென், 9 எடுத்தாப் போதும். அவர் நாலு இன்னிங்ஸ்ல களைச்சு வெளிய வந்தா, புல்பென் 15 எடுக்கணும். 26 பேர் கொண்ட டீம்ல பிட்சர்கள் அதிகபட்சம் 13. அஞ்சு பேர் ஆரம்ப பிட்சர்னா, புல்பென்ல எட்டே பேர். நேத்து 30 பந்து போட்டவரை இன்னைக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட்டா வேகம் குறையும், பந்து ஸ்ட்ரைக் கட்டத்துக்கு வெளிய போகும், 'வாக்' குடுத்து, அதாவது பேட்டரை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக விட்டு, ஆள் பேஸ்ல சேரும். அப்புறம் ஒரு ஹோம் ரன், பேஸ்ல இருக்கறவங்களும் சேர்ந்து மூணு ரன். இன்னைக்குத் தோத்ததோட காரணம் முந்தாநாள் நாலாவது இன்னிங்ஸ்ல இருக்கும். பேட்டிங் தாங்கினா இதைச் சமாளிக்கலாம். அங்கயும் ஒண்ணும் இல்ல. சீசன் முழுக்க எடுத்தது 507 ரன், லீக்லயே குறைச்சல். குடுத்தது 813. ஆட்டத்துக்கு மூணு எடுத்து அஞ்சு குடுத்திருக்காங்க. லூயிஸ் ராபர்ட், யோவான் மோன்காடான்னு நம்பியிருந்த ரெண்டு பேரும் ஏப்ரல் தொடக்கத்துலயே காயத்துல வெளிய போனது இன்னொரு பக்கம்.

ஆனா மக்களே, இதெல்லாம் மேல தெரியற காயம். வொயிட் சாக்ஸ் ரசிகரோட உள்காயம் 2016 டிசம்பர்ல ஆரம்பிக்குது. அப்ப டீமோட நம்பர் ஒன் பிட்சர் கிறிஸ் சேல். அவரை பாஸ்டனுக்குக் குடுத்துட்டு மோன்காடா, மைக்கேல் கோபெக்னு இளசுகளை வாங்கினாங்க. அடுத்த வருஷம் ஹோசே கின்டானாவை ஊருக்குள்ளயே இருக்கற எதிரி டீமான கப்ஸுக்குக் குடுத்து, எலோய் ஹிமினெஸ், டிலன் சீஸை வாங்கினாங்க. இதுக்குப் பேரு 'ரீபில்ட்'. கொஞ்ச வருஷம் தோத்துக்கறோம், பொறுத்துக்கோங்க, அப்புறம் பாருங்கன்னு அர்த்தம். ரசிகர்களும் பொறுத்தாங்க. 2018-ல 100 தோல்வியைப் பொறுத்தாங்க.

அவங்க ஏமாளிங்க இல்ல, இந்த வழி வேற ஊர்ல பலிச்சிருக்கு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013-னு மூணு வருஷமும் 100-க்கு மேல தோத்து, 2017-ல உலகத் தொடர் ஜெயிச்சாங்க. கப்ஸ் 2012-ல 101 தோல்வி, 2016-ல கோப்பை. வொயிட் சாக்ஸுக்குக் கிடைச்சது என்ன? 2020-லயும் 2021-லயும் பிளேஆஃப், ரெண்டுலயும் முதல் சுற்றோட வெளிய. 2022-ல 81-81. 2023-ல 101 தோல்வி. அப்புறம் இந்த 121.

மறுபடியும் ஆளை வித்தாங்க. சீஸ் 2024 மார்ச்லயே சான் டியாகோவுக்குப் போயிட்டார். ஜூலைக் கடைசியில கோபெக் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார், மூணு மாசத்துல உலகத் தொடர் ஜெயிச்ச டீம்ல நின்னார். டிசம்பர்ல காரெட் குரோஷே. 146 இன்னிங்ஸ்ல 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ண பிட்சர், அந்த வருஷம் டீவியைப் போடறதுக்கு இருந்த ஒரே நல்ல காரணம். அவரையும் பாஸ்டனுக்கே குடுத்து நாலு இளசுகளை வாங்கினாங்க. எட்டு வருஷம் கழிச்சு, அதே பாஸ்டன், அதே டிசம்பர், அதே வாக்குறுதி. ரெண்டாவது தடவை நம்பச் சொல்றது ஒரு ரசிகர்கிட்ட கேக்கக்கூடாத அளவுக்குப் பெரிய உதவி. இதை நான் ரொம்ப வருத்தத்தோடதான் சொல்றேன்.

தோத்தா டிராஃப்ட்ல, அதாவது புது இளசுகளை டீம்ங்க வரிசையாத் தேர்ந்தெடுக்கறதுல, முதல் ஆளை எடுக்கலாமேன்னு கேப்பீங்க. அதுவும் இல்ல. இப்ப முதல் ஆறு இடம் குலுக்கல்ல போகுது. வருமானப் பகிர்வுல பணம் குடுக்கற பக்கம் இருக்கற டீம், அடுத்தடுத்த ரெண்டு வருஷம் அந்த ஆறுக்குள்ள வரக்கூடாதுன்னு விதி. வொயிட் சாக்ஸ் 2024-ல 5-வது இடத்துல எடுத்துட்டாங்க. அதனால 121 தோத்தும் 2025-ல கிடைச்சது 10-வது இடம். வேணும்னே தோக்கறதைத் தடுக்கப் போட்ட விதி, நியாயமான விதிதான். ஆனா அதோட பாரத்தை ரசிகர்தான் சுமக்கறார்.

அப்ப இப்படி ஒரு டீமை எப்படித்தான் பாக்கறது? ஸ்கோரை மட்டும் பாத்தா தாங்காது. ஆரம்ப பிட்சர்கள் அஞ்சு நாளுக்கு ஒரு தடவை வருவாங்க. அவங்கள்ல ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க, அவர் போடற நாள் கண்டிப்பாப் பாருங்க. எத்தனை பந்துல எத்தனை இன்னிங்ஸ் போட்டார், எத்தனை வாக் குடுத்தார்னு குறிச்சு வையுங்க. மாசா மாசம் வாக் குறையுதுன்னா ஏதோ ஒண்ணு உருப்படியா நடக்குது. மேஜர் லீக்குக்கு வர்றதுக்கு முன்னாடி இளசுங்க ஆடற கீழ் டீம்ங்களையும் பாக்கணும். வொயிட் சாக்ஸுக்கு ஒரு படி கீழ இருக்கற டிரிபிள்-ஏ டீம் ஷார்லட்ல, ரெண்டு படி கீழ இருக்கற டபுள்-ஏ டீம் பர்மிங்ஹாம்ல. விலைக்கு வாங்கின இளசுங்க அங்க எப்படி ஆடறாங்கங்கறதுலதான் ரீபில்ட் நிஜமா இல்லையான்னு தெரியும். அவங்க மேல வந்ததும் ஆறு வருஷக் கணக்கு ஓட ஆரம்பிக்கும், அது முடிஞ்சா எந்த டீமுக்கு வேணாலும் போகலாம். அதனால எல்லாரும் ஒரே சமயத்துல மேல வர்றாங்களான்னு பாருங்க. ஒருத்தர் ஒருத்தரா வந்தா, கடைசி ஆள் வர்றப்ப முதல் ஆள் கிளம்பிருவார்.

அப்புறம் ஸ்கோர் கார்டு, ஆட்டத்துல நடக்கறதை நாமளே எழுதி வெக்கற தாள். பென்சில் போதும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாவது பேஸ் 4, மூணாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அவுட்ஃபீல்டு இடமிருந்து வலமா 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து ரெண்டாவது பேஸுக்குப் போட்டு, அவர் முதல் பேஸுக்குப் போட்டா 6-4-3-னு எழுதணும். பத்து ஆட்டம் எழுதினீங்கன்னா எந்த இன்னிங்ஸ்ல வண்டி கவிழுதுன்னு உங்க கையெழுத்துலயே தெரியும்.

2024 செப்டம்பர் 24-ம் தேதி அப்படி எழுதியிருந்தவங்களுக்கு ஒரு பக்கம் கிடைச்சிருக்கும். அன்னைக்கு 120 தோல்வியோட டீம் ஊருக்குத் திரும்பியிருந்தது. எதிர்ல ஏஞ்சல்ஸ். 121-ஐ நேர்ல பாக்கணும்னு வந்தவங்களும் இருந்தாங்க, 'டீமை வித்துடு'ன்னு முதலாளியைப் பாத்துக் கோஷம் போட்டவங்களும் இருந்தாங்க. ஏழு இன்னிங்ஸ் முடிவுல பின்தங்கியிருந்த ஆட்டத்துல அந்த வருஷம் அதுவரைக்கும் இவங்க 94-க்கு 94 தோல்வி. அன்னைக்கு எட்டாவது இன்னிங்ஸ்ல மூணு ரன் எடுத்து 3-2-னு ஜெயிச்சாங்க. அடுத்த ரெண்டு நாளும் ஜெயிச்சாங்க. சொந்த ஊர்ல அந்த ரெக்கார்டை நடக்க விடல.

27-ம் தேதி டெட்ராய்ட்ல 4-1-னு தோத்தாங்க, அது 121. அந்த ஜெயத்தால டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருஷத்துல முதல் தடவையா பிளேஆஃபுக்குள்ள போய், அவங்க மைதானமே குதிச்சுது. கடைசி ரெண்டு ஆட்டத்தை வொயிட் சாக்ஸ் ஜெயிச்சு சீசனை முடிச்சாங்க.

அடுத்த வீடியோல ஒரு முழு ஆட்டத்துக்கு ஸ்கோர் கார்டு எழுதிக் காட்டறேன், ஒன்பது இன்னிங்ஸும். பேப்பரும் பென்சிலும் எடுத்து வெச்சுக்கோங்க.