மரபணு சொன்ன சாட்சி: ஸ்டீபன் பலும்பியின் கடற்பணி

நேயர்களுக்கு வணக்கம். மரபியலைக் கடல் பாதுகாப்புக்குச் சான்று தரும் கருவியாக்கிய அமெரிக்கக் கடல் உயிரியலாளர் ஸ்டீபன் பலும்பியின் பணியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டைக்கு விதித்த தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், ஆராய்ச்சிக்கெனப் பிடிக்கப்பட்ட மின்கே திமிங்கலங்களின் இறைச்சி ஜப்பானியச் சந்தைகளில் சட்டப்படியே விற்கப்பட்டது. துண்டு போட்ட இறைச்சி எந்த இனத்துடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மறைவில் பாதுகாக்கப்பட்ட இனங்களும் விற்பனையாகலாம் என்ற ஐயம் எழுந்தது. திமிங்கல ஆய்வாளர் ஸ்காட் பேக்கரும், அப்போது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த பலும்பியும் அதைச் சோதிக்க முனைந்தார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு விதிகளால் இறைச்சியை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாததால், ஆய்வகமே ஜப்பானுக்குப் பயணப்பட்டது. விடுதி அறை ஒன்றில், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். கருவியால் படியெடுத்த டிஎன்ஏவை, அறியப்பட்ட இனங்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டபோது, மின்கேயோடு கூன்முதுகுத் திமிங்கலமும் துடுப்புத் திமிங்கலமும், ஏன், ஓங்கில்கள்கூட விற்கப்பட்டது வெளிப்பட்டது. 1994இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது: வேட்டைக்கு முன் எத்தனை திமிங்கலங்கள் இருந்தன? பெரிய கூட்டம் நெடுங்காலம் நிலைத்திருந்தால் அதில் மரபணு வேறுபாடுகள் மிகுதியாகச் சேரும். அந்த வேறுபாட்டை அளந்து, வட அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 2,40,000 கூன்முதுகுத் திமிங்கலங்கள் வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் ஜோ ரோமனும் பலும்பியும் 2003இல் கணித்தார்கள். வேட்டைப் பதிவேடுகளைக் கொண்டு செய்த மதிப்பீடோ சுமார் 20,000 மட்டுமே. பழைய எண்ணிக்கையில் 54 சதவீதம் மீண்டால் வேட்டையை அனுமதிக்கலாம் என்ற ஆணையத்தின் கணக்கு முறைக்கு, இந்த வேறுபாடு உயிர்நாடியான விஷயம். கடும் விவாதம் எழுந்தது. பலும்பியும் பங்கேற்ற ஆய்வு ஒன்று, மேலும் பல மரபணுக்களைச் சேர்த்து, 2013இல் அந்த எண்ணை ஏறத்தாழ 1,12,000 ஆகக் குறைத்தது. தம் கணிப்பைத் தாமே மறுபடியும் அளந்து பார்த்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் அவருடைய கவனம் பவளங்களின் பக்கமும் திரும்பியது. அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், நீர்வற்றத்தின்போது சில ஆழமற்ற குளங்களின் வெப்பம் 34 பாகை செல்சியசைத் தாண்டினாலும் அங்குள்ள பவளங்கள் பிழைக்கின்றன. வெப்பத்தைத் தாங்க உதவும் மரபணுக்கள் பல அவற்றில் முன்கூட்டியே கூடுதலாக இயங்குவதை அவருடைய குழு கண்டறிந்தது. அத்தகைய பவளங்களைத் தேர்ந்து நாற்றங்காலில் வளர்த்தபோது, கடல் சூடேறிய காலத்தில் அவை மற்றவற்றைவிடக் குறைவாகவே வெளுத்தன; வெளுத்தல் என்பது, வெப்பத்தால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை இழந்து நிறமிழப்பது. பவளப்பாறைகளை மீட்க எந்தப் பவளத்தை நட வேண்டும் என்பதை நடுவதற்கு முன்பே சோதித்து முடிவு செய்ய இதனால் வழி கிடைத்தது.