இரும்புக் கொக்குக்கு ஒரு கித்தான்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். இயந்திரச் சிற்பி என்று என்னை அறிமுகம் செய்தார்கள். ஊரில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கொக்குக்காரன்' என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

திடலோரம் நான் நிறுத்திய இரும்புக் கொக்கு, ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும். கழுத்தில் நான்கு மோட்டார், அலகில் பச்சை லேசர். மெல்லப் பேசினால் குனிந்து கிட்டே வரும், கத்தினால் பின்வாங்கும்.

இந்தக் குணம் என் கண்டுபிடிப்பு அல்ல. 1970-இல் எட்வர்ட் இக்னாடோவிச் என்ற சிற்பி, நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கண்காட்சிக் கூடத்தில் 'சென்ஸ்டர்' என்று ஒன்றை வைத்தார். சிங்கறால் கொடுக்கின் மூட்டுகளைப் பார்த்துச் செய்த எஃகுக் கழுத்து. அதை ஆட்டுவித்தது கணினி. சன்னமான சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் தலை நீட்டும், இரைச்சல் என்றால் ஒதுங்கிக்கொள்ளும். நான்கே வருடத்தில் கழற்றிவிட்டார்கள்.

லேசரை வாள் மாதிரி நினைக்கிறோம். காற்று சுத்தமாக இருந்தால் அந்தக் கோடு தெரியவே தெரியாது. போய் விழுகிற இடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கோடு தெரியத் தூசியோ பனியோ வேண்டும். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது தலைவிளக்கு வெளிச்சம் விடியற்காலைப் பனியில் மரத்துக்கு மரம் கோடு போடும். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கொக்குக்கும் விடியற்காலையில்தான் லேசர். அதுவும் தலைக்கு மேலேதான் பாயும். கழுத்து குனிந்தால் தானாக அணைந்துவிடும். கண்ணோடு விளையாடக் கூடாது.

முதல் மாதம் மானம் போயிற்று. காலையில் ஆளைக் கண்டதும் திரும்பிய கொக்கு, மதியம் மூன்று மணிக்கு யார் வந்தாலும் மரமாய் நின்றது. நான் பொருத்தியது உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் உணரி. உடம்புக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். நம்மூர் வெயிலில் சுவரும் நம்மளவுக்குச் சுடுகிறதே! அப்புறம், வௌவால் மாதிரி ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் உணரிக்கு மாறினேன்.

ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகள் கத்திக் கத்திக் கூப்பிட்டும் அது வரவில்லை. அவர்கள் சலித்துப் போன பிறகு, முப்பது வருடம் பால் வெட்டிய பாட்டி ஒருவர் வந்து பேசாமல் நின்றார். பிறகு, "என்னய்யா, பசியாறிட்டியா?" என்றார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்பதுபோல. கழுத்து கரகரவென்று இறங்கி, அலகு அவர் தோளருகே வந்து நின்றது. பாட்டி பயப்படவில்லை. அலகைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய துருவை என்னிடம் காட்டினார்.

"ஏன் தம்பி, ராத்திரி மழைக்கு இதுக்கு ஒண்ணும் போத்த மாட்டியா?"

மறுநாள் கித்தான் வாங்கினேன். நீலம்தான் கிடைத்தது.