போன்ஹோஃபர்: பல்கலைக்கழகம் கைவிட்ட ஆசிரியர், காவல்துறை மூடிய செமினரி

[திரையில்: பெர்லின் பல்கலைக்கழக முகப்பு]

ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1927-இல் பெர்லினில் இறையியல் முனைவரானபோது அவருக்கு வயது 21. ஆனால் அன்றைய ஜெர்மனியில் அந்தப் பட்டம் மட்டும் இருந்தால் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்க முடியாது. 'ஹபிலிட்டாட்சியோன்' என்ற இரண்டாவது ஆய்வேட்டையும் எழுதித் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். 1930-இல் அதையும் முடித்தார். அதனால் கிடைக்கும் நிலை 'பிரிவாட்டோட்சென்ட்'. பாடம் நடத்தலாம், நிலையான சம்பளம் கிடையாது.

திருச்சபைப் பக்கம் தனி ஏணி. போதகராவதற்கான இரண்டு தேர்வுகளையும் எழுதிவிட்டார். குருப்பட்டம் பெறத்தான் 25 வயது ஆகவில்லை! அந்த இடைவெளியில் நியூயார்க்கின் யூனியன் செமினரியில் (இறையியல் கல்லூரி) ஓராண்டு படித்தார். 1931 நவம்பரில் குருப்பட்டம் பெற்றார்.

[திரையில்: பால்டிக் கடற்கரை, ஸிங்ஸ்ட்]

1933-இல் நாஜி ஆட்சி வந்தது. யூத வம்சாவளி போதகர்களை விலக்கும் விதி திருச்சபைக்குள்ளேயே நுழைந்தது. அதை எதிர்த்து நின்ற புராட்டஸ்டன்ட் அணியான அறிக்கைத் திருச்சபை (Confessing Church), தன் போதகர்களைத் தானே பயிற்றுவிக்க முடிவுசெய்தது. அப்படித் தொடங்கிய செமினரிகளில், அதாவது போதகர் பயிற்சிப் பள்ளிகளில், ஒன்றுக்கு 1935-இல் போன்ஹோஃபர் இயக்குநரானார். ஏப்ரலில் ஸிங்ஸ்டில் தொடக்கம். ஜூனில் ஸ்டெட்டின் அருகே ஃபிங்கன்வால்டேவுக்கு மாற்றம்.

அவர் அங்கே என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். காலை ஜெபத்துக்குப் பிறகு அரைமணி நேரம் மௌன தியானம். வாரம் முழுவதும் ஒரே சிறு வேதபகுதி, லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில். விளக்கவுரை கூடாது, கிரேக்க மூலமும் கூடாது. மாணவர்கள் திணறினார்கள்: சிலர் தூங்கினார்கள், சிலருக்கு மனம் அலைந்தது, சிலர் பிரசங்கக் குறிப்பு எடுத்தார்கள். வேதபகுதி என்றாலே அடுத்த பிரசங்கத்துக்கான சரக்கு என்று பழகியவர்களுக்கு, அது தன்னிடமே பேசட்டும் என்று சும்மா உட்காருவது கடினம். முணுமுணுப்பு எழுந்தும் அவர் அதைக் கைவிடவில்லை. வாரத்தில் ஒருநாள் சேர்ந்து தியானிக்கலாம் என்று மட்டும் தளர்த்தினார். ஆராதனையில் மாணவர் செய்யும் பிரசங்கத்தை விமர்சிக்கவும் அனுமதியில்லை; தாழ்மையோடு கேட்க வேண்டும்.

[திரையில்: முத்திரையிட்ட கதவு]

1936 ஆகஸ்டில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் நாஜி காவல்துறைத் தலைவர் ஹிம்லரின் ஆணை இந்தப் பயிற்சியையே சட்டவிரோதமாக்கியது; செப்டம்பரில் இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ ஃபிங்கன்வால்டேவைப் பூட்டியது.

ஆனால் ஒரு சபைப் போதகரிடம் உதவியாளராக இருந்து பயிற்சி பெறுவதற்குத் தடையில்லை. எனவே மாணவர்களை, பால்டிக் கரை மாகாணமான பொமரேனியாவின் போதகர்களிடம் பதிவுசெய்தார்கள். உண்மையில் அவர்கள் ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். போன்ஹோஃபரே ஷ்லாவே ஊரில் துணைப் போதகராகப் பதிவானார். 1940 மார்ச் வரை இது ஓடியது.

பெரிய சிக்கல் படிப்பு முடிந்த பிறகுதான். அரசுசார் திருச்சபை நிர்வாகம் இவர்களை ஏற்கவில்லை என்றால் சம்பளமில்லை, போதகர் இல்லமுமில்லை. குடும்பஸ்தர் எத்தனை நாள் தாங்குவார்? பலர் நிர்வாகத்திடமே அங்கீகாரம் கேட்டுப் போனார்கள். சிதறிய பழைய மாணவர்களுக்குப் போன்ஹோஃபர் சுற்றுக்கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். தியானிக்க வேண்டிய வேதபகுதிகளும் அவற்றோடு போயின.